ஜனாதிபதி ஓட்டும் இருளர் சர்டிபிகேட்டும்

2022-ம் வருஷத்து ஜனாதிபதி தேர்தலின்போது செஞ்சிக் கடைவீதியில் கக்ஷிச் சண்டை பலமாய் நடந்தது. சண்டையிட்டவர் ஒருவருக்கும் அதில் ஓட்டில்லை, இத்தொகுதி எம்.எல்.ஏ.வுக்கு மாத்திரமே 176 மதிப்புள்ள ஓட்டு! யஷ்வந்த் சின்ஹாவை ஆதரித்தவர்களைப் பார்த்து, திரௌபதி முர்முவை எதிர்ப்பவன் ஆதிவாசிகளுக்கே சத்துரு என்று ஒரு கூட்டத்தார் கூச்சலிட்டார்கள். சந்தால் வகுப்புப் பெண் ஒருவர் அப்பதவிக்கு வந்ததில் நமக்கும் சந்தோஷமே. ஆனால் 28-5-2023-ல் புதுப் பார்லிமெண்டுக் கட்டிடத் திறப்புக்கு அந்த அம்மையாரை அழைக்காமல், தமிழ்நாட்டுப் பண்டார சந்நிதிகளைச் செங்கோலும் கையுமாய் வரவழைத்தார்களே, அன்று இவர்கள் வாயை யார் கட்டினார்கள்? செஞ்சி வட்டாரத்து இருளர்கள் ஒரு ஜாதி சர்டிபிகேட்டுக்காகச் சர்க்கார் ஆபீசுகளுக்கு நடையாய் நடக்கிறார்களே, அவர்களுக்காக இந்த ஆதிவாசி அபிமானிகளில் எவராவது ஒரு மனுவாவது எழுதிக் கொடுத்ததுண்டா?