டிவியில் பச்சைத் திட்டா? அவசரப்படாதீர்கள்!

தமிழக அரசு 2006 முதல் 2011 வரை வழங்கிய இலவச 14 அங்குல கலர் டிவி, திருவண்ணாமலையில் எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது. சென்ற மாதம் திரையின் ஒரு மூலையில் பச்சையும் ஊதாவுமாகத் திட்டு விழுந்தது. "பிக்சர் டியூப் போச்சு சார், வேற டிவி வாங்கிடுங்க" என்றார் மெக்கானிக்.

எனக்குச் சந்தேகம். புதுக் கம்ப்யூட்டரின் ஸ்பீக்கரை டிவியை ஒட்டி வைத்திருந்தேன். ஸ்பீக்கரில் உள்ள காந்தம், டியூபுக்குள் இருக்கும் ஷேடோ மாஸ்க் என்ற துளைத் தகட்டைக் காந்தமாக்கிவிடும். எலக்ட்ரான் கதிர்கள் விலகி, தவறான நிறப் புள்ளிகளில் விழும்.

ஸ்பீக்கரை நகர்த்தினேன். டிவியை மெயின் சுவிட்சில் அணைத்து, அரை மணி நேரம் கழித்துப் போட்டேன். காந்தத்தை நீக்கும் டீகாஸ் காயில் அப்போதுதான் முழுதாக வேலை செய்யும். ரிமோட்டில் அணைத்தால் பல டிவிகளில் அது இயங்காது. நான்காவது முறை திட்டு மறைந்தது. செலவு? ஒரு பைசா இல்லை.

பழைய சிஆர்டி மானிட்டருக்கும் இதுவே வழி. பழையது என்றதும் தூக்கிப் போடச் சொல்வது சரியல்ல என்பது என் கருத்து. முதலில் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பின்மூடியை மட்டும் கழற்றாதீர்கள். அணைத்த பிறகும் டியூபில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.