சிவ்ரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

"மும்பையில் இயற்கை எங்கே இருக்கிறது? குளம், வயல், பறவை எல்லாம் ஊரில்தான்" என்று நம்மவர் சொல்வதுண்டு. நானும் முப்பத்தைந்து வருடம் அப்படியே சொன்னவன்தான். ஹார்பர் லைனில் தண்டவாளப் பராமரிப்பு வேலை. சிவ்ரி ஸ்டேஷனில் எத்தனையோ தடவை இறங்கியிருக்கிறேன். கிழக்கே நடந்தால் கடல் என்று தெரியும். ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை.

2016-ல் ஓய்வு பெற்றேன். அடுத்த ஜனவரியில், பள்ளியில் கட்டுரை எழுதச் சொன்னார்கள் என்று பேத்தி என்னை அங்கே அழைத்துப் போனாள். செம்பூரிலிருந்து ஆறாவது ஸ்டேஷன். சேற்றுப் பரப்பின் மேல் இளஞ்சிவப்பாக ஒரு நீண்ட கோடு தெரிந்தது. சற்று நேரத்தில் அந்தக் கோடு நகர்ந்தது. அத்தனையும் பூநாரைகள்! இந்தப் பறவைக்காகவே ஒரு முறை கோடிக்கரை வரை போய், பார்க்க முடியாமல் திரும்பியவன் நான்.

"இத்தனை வருஷம் இங்கேதானே வேலை பார்த்தீங்க தாத்தா?" என்றாள் பேத்தி. என்னிடம் பதில் இல்லை.

அதன் பிறகு குளிர்காலம் தவறாமல் போகிறேன். பூநாரை தலையைக் கவிழ்த்துத்தான் இரை எடுக்கிறது. அலகின் ஓரம் சல்லடை. நாக்கு பம்பு போல் இயங்கிச் சேற்றுநீரை இழுத்து வெளியே தள்ளுகிறது. குஞ்சு பிறக்கும்போது சாம்பல் நிறம். உண்ணும் பாசியிலும் சிற்றுயிரிலும் உள்ள நிறமியால்தான் சிவப்பு ஏறுகிறது. ரயிலுக்கு இருப்பது போல் இதற்கும் ஒரு டைம்டேபிள் உண்டு. கடல் ஏறும்போது கரையை நெருங்கும். நன்றாக வற்றிய நேரத்தில் போனால் தூரத்துப் புள்ளிகள்தான்.

கட்ச் பகுதியில் குஞ்சு பொரித்து, பிழைப்புக்கு இங்கே வந்து, மழைக்கு முன் திரும்பும் பறவைகள் இவை. நம் கதையும் ஏறத்தாழ அதுதானே!

தாணே கடற்கழியின் ஒரு பகுதி 2015-ல் பூநாரை சரணாலயமானது. 2022-ல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. சிவ்ரி அந்த எல்லைக்குள் இல்லை. 2024 ஜனவரியில் திறந்த 21.8 கிலோமீட்டர் அடல் சேது அங்கேதான் தொடங்குகிறது. பொறியியல் படித்தவன் என்ற முறையில் அந்தப் பாலம் எனக்குப் பெருமைதான். ஆனால் அதே ஆண்டு மே மாதம் காட்கோபர் வானில் விமானம் மோதி முப்பதுக்கும் மேற்பட்ட பூநாரைகள் இறந்தபோது, நம் வீடுகளில் எத்தனை பேர் அதைப் பேசினோம்?

சேறும் அலையாத்தியும் வீண் நிலம் என்று நினைக்கும் வரை, அவற்றை மூடினாலும் யாரும் கேட்கமாட்டார்கள். தாராவியை ஒட்டிய குப்பைமேடு 1994-ல் மகாராஷ்டிரா இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டதே, அதுவும் சிலர் அக்கறை எடுத்ததால்தான்.

ஆகவே சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழா முடிந்த அடுத்த ஞாயிறு, பிள்ளைகளைச் சிவ்ரிக்கோ, வனத்துறைப் படகு உள்ள ஐரோலிக்கோ அழைத்துப் போவோம். இட்லிப் பொட்டலமும் ஒரு பைனாகுலரும் போதும். கடல் ஏறும் நேரம் பார்த்துச் சொல்வதை நான் ஏற்றுக்கொள்கிறேன்.