எழுத்துக்கு முன்னே கைப்பழக்கம்

கோடை விடுமுறை முடியும் தறுவாயில் எங்கள் குழந்தைகள் நலப் பிரிவுக்கு வரும் பெற்றோர் பலர், பள்ளியில் சேரவிருக்கும் தம் பிள்ளைக்கு என்னென்ன தெரியும் என்பதைப் பெருமையுடன் எடுத்துரைக்கின்றனர். ஆங்கில எழுத்துகள் 26-உம் தெரியும். நூறு வரை எண்ணத் தெரியும். தானாகச் சாப்பிடுமா, கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் சொல்லுமா என்று கேட்டால், "பள்ளிக்குப் போனால் தானாகப் பழகிக்கொள்ளும்" என்பதே பெரும்பாலும் விடையாக இருக்கிறது. இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. எழுத்தைப் பள்ளி கற்பிக்கும். அதற்கு ஆண்டுகள் பல உள்ளன. உண்பது, கை கழுவுவது, கழிப்பறை செல்வது, தன் தேவையை வாய்திறந்து சொல்வது ஆகியவற்றை வீடுதான் முதலில் கற்பிக்க வேண்டும்.

இது ஒழுக்க அறிவுரை அன்று. உடல்நலம் சார்ந்த செய்தி. கழிப்பறையைப் பயன்படுத்தத் தெரியாத, அல்லது புதியவரிடம் கேட்கக் கூசும் குழந்தை பள்ளி முடியும் வரை அடக்கிக்கொள்கிறது. அடக்கிய மலம் பெருங்குடலில் நீர் வற்றி இறுகுகிறது. அது வெளியேறும்போது வலிக்கிறது. வலிக்கு அஞ்சிக் குழந்தை மேலும் அடக்குகிறது. நாளடைவில் குடல் விரிந்து, உணர்வு மங்கி, உள்ளாடையில் மலம் கசியத் தொடங்குகிறது. இதனைப் பெற்றோர் வயிற்றுப்போக்கு என்றோ குறும்பு என்றோ எண்ணிவிடுகின்றனர். உண்மையில் அது முற்றிய மலச்சிக்கல். சிறுநீரை அடக்குவதும், அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் சிறுநீர்த் தொற்றுக்கு வழிவகுக்கின்றன. டப்பாவின் மூடியைத் திறக்கத் தெரியாத பிள்ளையின் மதிய உணவு அப்படியே வீடு திரும்புகிறது.

நம் குடும்பங்களில் அன்புக்குக் குறைவில்லை. பெற்றோர் விசைத்தறிக்கும் கோழிப்பண்ணைக்கும் லாரித் தொழிலுக்கும் சென்றுவிட, அப்பாயியோ அம்மாயியோ பேரப்பிள்ளையை வளர்க்கின்றனர். அவர்களுக்கு ஊட்டிவிடுவதே அன்பு. பெற்றோருக்கோ, வாசலில் வேன் வந்து நிற்கும் அவசரம். கைபேசியைக் காட்டி நான்கு வயதுப் பிள்ளைக்கும் ஊட்டிவிடுகிறோம். வயிறு நிறைகிறது, ஆனால் கை பழகுவதில்லை.

இக்கருத்து புதிதன்று. மருத்துவராக இருந்து கல்வியாளரான மரியா மாண்டிசோரி அம்மையார், 1907-ஆம் ஆண்டு ரோம் நகரில், உழைக்கும் மக்கள் குடியிருப்பில் குழந்தைகளுக்கான இல்லம் ஒன்றைத் தொடங்கினார். 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளித்தார். அவருடைய முறையில் நீர் ஊற்றுவதும், பொத்தான் போடுவதும், இடத்தைத் துடைப்பதும் கல்வியின் பகுதிகள். இதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. நாமக்கல் வட்டாரத்தில் முட்டைக்குப் பஞ்சமில்லை. அவித்து ஆறிய முட்டையைப் பெரியவர் அருகிலிருக்க உரித்து உண்ணக் கற்பதே பிஞ்சு விரல்களுக்கு நல்ல பயிற்சி.

எந்த வயதில் எதை எதிர்பார்க்கலாம்? ஒன்றரை வயதிலிருந்தே குழந்தை தன் கையால் உண்ண முயலும், சிந்தட்டும், விட்டுவிடுங்கள். பெரும்பாலான குழந்தைகள் இரண்டு முதல் மூன்று வயதுக்குள் பகலில் கழிப்பறைப் பழக்கத்திற்கு ஆயத்தமாகின்றனர். மூன்று வயதில் செருப்பையும் தளர்வான கால்சட்டையையும் தாமே அணிய முயல்வர். பொத்தான் போட இன்னும் ஓராண்டுக்கு மேல் ஆகலாம். ஆகவே பள்ளிக்கு இடுப்பில் எலாஸ்டிக் வைத்த உடையே ஏற்றது. ஒரு நேரத்தில் ஒரு பழக்கம் போதும். காலையில் நேரமில்லையெனில் மாலையில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். செய்து காட்டுங்கள், பிறகு கையைக் கட்டிக்கொண்டு பொறுத்திருங்கள். இதுவே கடினமான பகுதி.

உணவு உண்டபின் சற்று நேரம் கழிப்பறையில் அமரப் பழக்குங்கள். வீட்டில் மேல்நாட்டுக் கழிப்பறை மட்டும் இருந்தால், குந்தி அமரும் வகையையும் பழக்குங்கள். வீட்டில் "ஒண்ணுக்கு வருது" என்று சொல்லும் குழந்தைக்குப் பள்ளியில் வழங்கும் சொல் தெரியாமல் போகலாம்; குழந்தையின் சொல்லை ஆசிரியருக்குத் தெரிவித்து விடுங்கள்.

தவறி ஆடை நனைந்தால் திட்டவோ, பிறர்முன் கேலி செய்யவோ வேண்டாம். அவமானம் அடக்கும் பழக்கத்தையே வளர்க்கும். ஐந்து வயதுக்குள் இரவில் படுக்கை நனைவது நோயன்று. ஆனால் மலம் கழிக்கும்போது அழுதாலும், நான்கு வயதைக் கடந்தும் உள்ளாடையில் மலம் கசிந்தாலும், ஏற்கெனவே பழகியதையோ பேசிய சொற்களையோ குழந்தை இழந்தாலும் காலம் தாழ்த்தாது மருத்துவரை அணுகுங்கள். வளர்ச்சியில் தாமதமுள்ள பிள்ளைகளுக்கு மேற்சொன்ன வயதுக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கான படிகளை மருத்துவருடன் சேர்ந்து வகுத்துக்கொள்ளலாம்.

பொறுப்பு வீட்டோடு முடிவதில்லை. சேர்க்கைக்குச் செல்லும்போது வகுப்பறைக்கு முன் கழிப்பறையைப் பாருங்கள். தண்ணீர் இருக்கிறதா, தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டுகிறதா, கேட்ட நேரத்தில் அனுப்புவார்களா என்று விசாரியுங்கள். கட்டணத்தையும் பாடத்திட்டத்தையும் கேட்கும் நமக்கு இதைக் கேட்கவும் உரிமை உண்டு.