தைராய்டு மாத்திரையின் பிராண்டு மாறினால் என்ன ஆகும்? பக்கவிளைவுகளை எப்படிச் சமாளிப்பது?

சென்னையிலிருந்து மாற்றலாகி, புனே அருகே கடக்வாஸ்லாவில் குடியேறியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தேசிய பாதுகாப்பு அகாடமியும் மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையமும் இருக்கும் இடம். மாற்றலில் வருவதும் போவதும் இங்கே சகஜம். கேஸ் இணைப்பு, ஸ்கூல் அட்மிஷன் எல்லாம் முடிந்த நேரத்தில் தைராய்டு மாத்திரை தீர்ந்துவிடுகிறது. பக்கத்து மெடிக்கலில் கேட்டால், "அந்தக் கம்பெனி இல்லை, இதுவும் அதே 75தான்" என்று வேறு டப்பாவைத் தருகிறார்கள். சில வாரங்களில் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை. புது ஊர் டென்ஷன் என்று விட்டுவிடுவதா, மாத்திரையையே நிறுத்திவிடுவதா?

இரண்டும் வேண்டாம். ஏன் என்று பார்ப்போம்.

இது எத்தனை பேரின் பிரச்னை?

சென்னை, மும்பை உள்பட 8 நகரங்களில் 5,376 பேரிடம் நடத்திய ஆய்வு 2013இல் வெளியானது. அதில் 10.95 சதவீதம் பேருக்கு தைராய்டு சுரப்புக் குறைவு இருந்தது. அதாவது, ஏறக்குறைய ஒன்பது பேரில் ஒருவர். இவர்களில் பெரும்பாலானோர் ஆயுள் முழுக்க சாப்பிட வேண்டிய மாத்திரை லெவோதைராக்சின்.

பக்கவிளைவா, டோஸ் பிரச்னையா?

லெவோதைராக்சின் உங்கள் உடம்பு சுரக்க வேண்டிய அதே ஹார்மோனின் செயற்கை வடிவம். அதனால் நாம் பக்கவிளைவு என்று சொல்வதில் பெரும்பகுதி, அளவு கூடியதன் அல்லது குறைந்ததன் அறிகுறிதான்.

அளவு கூடினால் படபடப்பு, வியர்வை, நடுக்கம், எடை குறைதல், தூக்கம் கெடுதல் வரலாம். இது நீண்ட நாள் தொடர்ந்தால், குறிப்பாக வயதானவர்களுக்கு, இதயத் துடிப்பு சீர்கெடலாம், எலும்பு தேயலாம். அளவு போதாவிட்டால் பழைய சோர்வு, மலச்சிக்கல், முடி உதிர்வு எல்லாம் திரும்ப வரும்.

குழப்பம் இங்கேதான். இந்த மருந்தின் பாதி அளவு உடம்பைவிட்டுப் போகவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். இன்றைக்கு மாற்றிய மாத்திரையின் முழு விளைவு ஒன்றரை மாதம் கழித்துத்தான் தெரியும். அதற்குள் டப்பா மாறியதே நமக்கு மறந்துபோயிருக்கும்.

பிராண்டு மாறுவது அவ்வளவு பெரிய விஷயமா?

நியூசிலாந்தில் 2007இல் எல்ட்ராக்சின் மாத்திரையின் தயாரிப்பு கனடாவிலிருந்து ஜெர்மனிக்கு மாறியது. மருந்து அதே மருந்துதான். நிறமும் சேர்மானங்களும் மாறின. அதற்கு முந்தைய 30 ஆண்டுகளில் வந்த பக்கவிளைவுப் புகார்கள் வெறும் 14; பிறகு 18 மாதங்களில் 1,400க்கும் மேல். பரிசோதனையில் மாத்திரையில் குறை தெரியவில்லை. ஊடகச் செய்திகள் அதிகமான பகுதிகளில் புகார்களும் அதிகம் என்று பின்னர் தெரியவந்தது.

பிரான்சில் 2017இல் மெர்க் நிறுவனம் லெவோதைராக்ஸ் மாத்திரையில் லாக்டோஸுக்குப் பதில் மானிட்டாலும் சிட்ரிக் அமிலமும் சேர்த்தது. சுமார் 30 லட்சம் பேர் சாப்பிட்ட மாத்திரை அது. ஆயிரக்கணக்கானோர் புகார் செய்தார்கள். 2020இல் லியோன் மேல்முறையீட்டு நீதிமன்றம், வழக்குத் தொடுத்த 3,300க்கும் மேற்பட்டோருக்குத் தலா 1,000 யூரோ தரச் சொன்னது. மாத்திரை விஷம் என்பதற்காக அல்ல. மாற்றத்தைச் சரியாகத் தெரிவிக்காததற்காக.

எதிர்த் தரவும் உண்டு. ஒரு ஜெனரிக்கிலிருந்து இன்னொரு ஜெனரிக்குக்கு மாறியவர்களின் டி.எஸ்.எச் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை என்று 2022இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. ஆக, பிராண்டு மாறினாலே ஆபத்து என்று பயப்பட வேண்டாம். ஆனால் மாறியது உங்களுக்கும் டாக்டருக்கும் தெரிந்திருக்கணும்.

சரி, என்ன செய்யலாம்?

• பழைய டப்பாவை போட்டோ எடுத்து வையுங்கள். புது மாத்திரை தொடங்கிய தேதி, பிராண்டு, எத்தனை மைக்ரோகிராம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

• பிராண்டு மாறினால் 6 முதல் 8 வாரத்தில் டி.எஸ்.எச் பாருங்கள். அதற்குள் படபடப்பு வந்தால் காத்திருக்க வேண்டாம், டாக்டரிடம் போங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் உடனே மருத்துவமனைக்கு.

• காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, காபிக்கும் டிபனுக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் விடுங்கள். புனே மெடிக்கலில் "உபாஷி போட்டி" என்று சொன்னால் இதுதான் அர்த்தம்.

• கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். பிராண்டைக் குறை சொல்வதற்கு முன் இதைச் சரிபாருங்கள்.

• முடி உதிர்வுக்கு பயோட்டின் சாப்பிடுகிறீர்களா? அது ரத்தப் பரிசோதனை முடிவையே மாற்றிக் காட்டும். டாக்டரிடமும் லேபிலும் சொல்லுங்கள்.

• நீங்களாகப் பாதியாக உடைப்பதும், நிறுத்துவதும் கூடாது. கர்ப்பிணிகள் கண்டிப்பாகக் கூடாது. அப்போது தேவை கூடவே செய்யும்.

ஒரு முக்கிய விதிவிலக்கு

தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்கள் சாப்பிடும் கார்பிமசோல் வேறு வகை. அதில் அரிதாக வெள்ளை அணுக்கள் அபாயகரமாகக் குறையும். காய்ச்சலோடு தொண்டை வலியோ வாய்ப்புண்ணோ வந்தால் சாதாரண சளி என்று நினைக்காதீர்கள். அடுத்த மாத்திரையைப் போடாமல், அன்றே டாக்டரைப் பார்த்து ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பரிசோதியுங்கள்.

யாரிடம் சொல்வது?

இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் இலவச எண் 1800-180-3024. டாக்டர்தான் புகார் செய்யணும் என்று இல்லை, நோயாளியே செய்யலாம். நோயாளிகளுக்கான படிவம் தமிழிலும் மராத்தியிலும் இருக்கிறது.

பிரான்சிலும் நியூசிலாந்திலும் ஒரே மாத்திரையை நாடே சாப்பிட்டதால் மாற்றம் சட்டென்று கண்ணில் பட்டது. இங்கே பல கம்பெனி மாத்திரைகள் புழங்குகின்றன. டப்பா மாறுவது ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாக நடக்கிறது. உங்கள் போன் அழைப்பும், டப்பாவின் போட்டோவும் இல்லையென்றால் அது எந்தக் கணக்கிலும் வராது.