கடன் யாருடையது? கழுத்து யாருடையது?



பொழிச்சலூரில் நம் கூரைக்கு மேலே விமானம் உறுமிச் செல்லும்போது பேச்சை நிறுத்துகிறோம், போனபின் தொடர்கிறோம். கொழும்புக்குப் போகும் விமானமும் அதிலே உண்டு. அத்தனை அருகில்தான் ஒரு நாடே கடனில் மூழ்கிற்று!

2022 ஏப்ரல் 12. வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென்று கைவிரித்தது இலங்கை அரசு. கடனோ சுமார் 5,100 கோடி டாலர்! கேட்டால், கொரோனா என்றனர். கொரோனா பரவியது 2020இல். 2019 டிசம்பரிலேயே வாட் வரியை 15 விழுக்காட்டிலிருந்து 8 ஆக்கிக் கருவூலத்தை வற்றவிட்டது யார்? 2023 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே ராஜபக்சே சகோதரர்களைப் பொறுப்பாளிகள் என்றது.

தீர்ப்பு அவர்கள் மீது. சுமை யார் மீது?

2023 மார்ச்சில் பன்னாட்டு நாணய நிதியம் 300 கோடி டாலர் தர இசைந்தது. தானமன்று, அதுவும் கடனே! உள்நாட்டுக் கடன் சீரமைப்பிலோ வங்கிகளுக்கு விலக்கு; தொழிலாளியின் சேமநிதிக்கு வட்டி வெட்டு! 2024இல் வாட் வரி 18 விழுக்காடு. கோடீசுவரனுக்கும் கூலிக்காரனுக்கும் ஒரே வரி!

உதவியே கூடாதென்போமா? இல்லை. பசித்தவனுக்குச் சோறுதான் முதலில். 2022 மே மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து அரிசியும் பால்மாவும் மருந்தும் அனுப்பியது தமிழகம்.

அயலார் கதையென்று அசட்டை வேண்டாம். 1991இல் ஏறத்தாழ 47 டன் தங்கத்தை அடகுக்கு அனுப்பியது இந்தியா!

நாம் கேட்பது ஒன்றே: கையெழுத்திட்டவன் கணக்குக் காட்டாதிருக்க, கைநாட்டும் வைக்காதவன் கழுத்தில் கடனை மாட்டுவது எந்த ஊர் நியாயம்?