செயற்கை இரத்தமும் பக்கவாதத்தின் முதல் மணி நேரமும்

மூளைக்குச் செல்லும் பெரிய இரத்தக் குழாய் ஒன்று அடைபட்டால், ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அடைப்பு நீங்கும் வரையில் அந்த அணுக்களுக்கு வேறு வழியில் ஆக்சிஜனைக் கொண்டு சேர்க்க இயலாதா? ‘செயற்கை இரத்தம் ஏற்றலாமே’ என்று கேட்கும் குடும்பத்தார் உண்டு. வினா நியாயமானதே. ஆயினும் அதற்கு விடை கூற முற்படுவோர், இத்துறையின் கடந்த காலத்தை மறைக்காமல் பேச வேண்டும் என்பது எங்கள் கருத்து.

அடைப்பினால் வரும் பக்கவாதத்தில் மூளையின் ஒரு பகுதி விரைவில் இறந்துவிடுகிறது. அதைச் சூழ்ந்த பகுதியோ, அருகிலுள்ள கிளைக் குழாய்களின் வழியே வரும் சொற்ப இரத்தத்தைக் கொண்டு, செயலிழந்த நிலையிலும் சில மணி நேரம் உயிர் தாங்கி நிற்கிறது. இன்றைய சிகிச்சை யாவும் அப்பகுதியை மீட்பதற்கே. கட்டியைக் கரைக்கும் மருந்தின் பயன் 1995-இல் நிறுவப்பட்டது. முதலில் மூன்று மணி நேரத்துக்குள், பின்னர் நாலரை மணி நேரத்துக்குள் என்று அதன் கால எல்லை விரிந்தது. குழாயின் உள்ளே கருவி செலுத்திக் கட்டியை வெளியே இழுக்கும் முறை 2015-இல் உறுதிப்பட்டது. ஆனால் மூளையில் இரத்தக் கசிவு இருப்பவருக்குக் கரைப்பு மருந்தைச் செலுத்தினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே ஸ்கேன் எடுக்காமல் அதைத் தர முடியாது. ஆக்சிஜனைச் சுமக்கும் திரவமோ கட்டியைக் கரைப்பதில்லை. எனவே ஆம்புலன்ஸிலேயே அதைச் செலுத்திவிடலாம் என்பதுதான் ஆய்வாளர்களை ஈர்த்த எண்ணம்.

முகமூடி வழியே ஆக்சிஜன் தந்தால் போதாதா என்றும் சிலர் கேட்பர். மூச்சு சீராக உள்ளவரின் சிவப்பணுக்கள் முன்னரே ஆக்சிஜனால் நிறைந்திருக்கின்றன. குறை அவை போகும் பாதையில். பிரிட்டனில் 8,003 நோயாளிகளிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், ஆக்சிஜன் குறைவற்றவர்களுக்கு வழக்கமாகக் குறைந்த அளவு ஆக்சிஜன் தருவதால் பயன் காணப்படவில்லை. சிவப்பணுவின் குறுக்களவு 7 முதல் 8 மைக்ரான். பெர்ஃபுளுரோகார்பன் என்னும் திரவத்தின் துளிகளோ ஒரு மைக்ரானிலும் சிறியவை. லாரி நுழைய முடியாத சந்தில் சைக்கிள் நுழைவதைப் போல அவை நெருக்கடியான இடத்திலும் புகக்கூடும். இத்திரவம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும் திறன் வியப்புக்குரியது: 1966-இல் கிளார்க், கொல்லன் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளை அதில் மூழ்கடித்து, அத்திரவத்தையே சுவாசிக்க வைத்து உயிரோடு மீட்டனர்.

இவ்வளவு அழகிய எண்ணம் மனித உடலில் பட்ட பாட்டைக் கேளுங்கள். சிவப்பணுவிலிருந்து பிரித்தெடுத்து, வேதிமுறையில் பிணைத்த ஹீமோகுளோபினை நெதர்லாந்தில் 85 பக்கவாத நோயாளிகளை வைத்துச் சோதித்தனர். 1999-இல் முடிவு வெளிவந்தது: மருந்து பெற்றவர்களின் நிலை, வெறும் உப்பு நீர் பெற்றவர்களின் நிலையைவிட மோசமாக இருந்தது. சிவப்பணுவின் உறைக்கு வெளியே உலவும் ஹீமோகுளோபின், இரத்தக் குழாய்களைத் தளர்வாக வைத்திருக்கும் நைட்ரிக் ஆக்ஸைடை உறிஞ்சிவிடுகிறது. குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் ஏறுகிறது. பெர்ஃபுளுரோகார்பனுக்கும் சோதனை நேர்ந்தது. அவ்வகை மருந்து ஒன்றின் இதய அறுவை ஆய்வு, மருந்து பெற்றவர்களிடையே பக்கவாதமே மிகுந்து காணப்பட்டதால் 2001-இல் நிறுத்தப்பட்டது. இப்போது மிகச் சிறிய அளவே தேவைப்படும் புதிய பெர்ஃபுளுரோகார்பன் ஒன்று அமெரிக்காவின் ஆர்கன்சாவில் 24 பக்கவாத நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டிருக்கிறது. அது முதற்கட்டப் பாதுகாப்பு ஆய்வு. பயன் உண்டென்று சொல்ல அந்த எண்ணிக்கை போதாது.

எனினும் இவ்வாய்வுகள் கைவிடப்பட வேண்டும் என்று நாங்கள் கூறவில்லை. தொடர வேண்டும் என்றே விரும்புகிறோம். எங்கள் கவலை சம்மதத்தைப் பற்றியது. பக்கவாதம் பலருடைய பேச்சையே முதலில் பறிக்கிறது. அவருக்காக யார் ஒப்புதல் தருவது? அமெரிக்காவில் 2003 முதல் 2006 வரை, விபத்தில் இரத்தம் இழந்த 700-க்கும் மேற்பட்டோரிடம் முன்சம்மதம் பெறாமலே ஒரு ஹீமோகுளோபின் திரவம் சோதிக்கப்பட்டது. சட்டம் அதற்கு இடமளித்தது. ஆம்புலன்ஸில் இரத்தம் இல்லை என்னும் காரணம் ஏற்கத்தக்கதே. ஆனால் மருத்துவமனையை அடைந்து, தானமாகப் பெற்ற இரத்தம் கைக்கெட்டிய பிறகும் அத்திரவத்தையே தொடர்ந்து தந்தார்கள். இதை அந்நாட்டு அறநெறி அறிஞர்கள் கண்டித்தனர். எங்களுக்கும் அக்கண்டனம் சரியென்றே படுகிறது. பக்கவாதத்துக்கு இத்தகைய ஆய்வு நம் ஊர்களுக்கு வருமானால், நிறுவப்பட்ட சிகிச்சை கிடைக்கும் வாயிலோடு சம்மதமற்ற சோதனை நின்றுவிட வேண்டும். அதன்பின் குடும்பத்தாரிடம் தமிழில், அவர்களுக்கு விளங்கும்படி, முன்னைய தோல்விகளையும் சேர்த்துச் சொல்லியே கையொப்பம் கேட்க வேண்டும். சர்க்கரை நோயும் உயர் இரத்த அழுத்தமும் உள்ள பெரியவர்கள், தம் சார்பில் யார் முடிவெடுப்பது என்பதை நலமாயிருக்கும்போதே வீட்டில் பேசி வைப்பது நன்று. அபசகுனம் என்று அதைத் தள்ளிவிடாதீர்கள்.

அத்தகைய மருந்து வரும் வரையில் முதல் மணி நேரம் வீட்டாரின் கையிலேயே இருக்கிறது. வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள். விழுங்கும் திறன் குறைந்திருக்கக்கூடும். ஆகவே தண்ணீரோ சோடாவோ புகட்ட வேண்டா. வீட்டிலிருக்கும் ஆஸ்பிரினையும் தர வேண்டா. அடைப்பா கசிவா என்பது ஸ்கேனுக்கு முன் எவருக்கும் தெரியாது. அவர் கடைசியாக நலமாயிருந்ததை யார், எத்தனை மணிக்குப் பார்த்தார் என்பதை ஒரு தாளில் குறித்து எடுத்து வாருங்கள். அவசரப் பிரிவில் எங்கள் மருத்துவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.