நடுவில் மாட்டிக்கொண்ட கிரகம்

உங்கள் வீட்டில் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பையனோ பெண்ணோ இருந்தால், அண்டவெளியில் நடக்கும் யுத்தங்களைப் பற்றி நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சாப்பாட்டு வேளையிலேயே கேட்டிருப்பீர்கள். நட்சத்திர மண்டலம் ஒன்றை ஆளும் சாம்ராஜ்யம். அதற்கு எதிரே நெற்றியில் மேடும் பள்ளமுமாக இருக்கும் வேற்றுக் கிரகத்தாரின் சாம்ராஜ்யம். இரண்டும் ஆயிரம் வருஷமாய்ச் சண்டை போடும். கப்பல்கள் வெடிக்கும். கிரகங்கள் பொடியாகும். "ரசம் ஆறிப்போகிறது, ஊற்றிக்கொள்" என்ற அம்மாவின் குரல் மட்டும் அந்த அண்டவெளியில் யார் காதிலும் விழாது.

இவற்றை வெறும் பிள்ளை விளையாட்டு என்று நான் ஒதுக்குவதில்லை. நீங்களும் ஒதுக்க வேண்டாம். 1898-இல் எச். ஜி. வெல்ஸ் செவ்வாய்க் கிரகத்தார் இங்கிலாந்தின் மீது படையெடுத்ததாக ஒரு நாவல் வெளியிட்டார். அதன் முதல் அத்தியாயத்திலேயே, அந்த வேற்றுக் கிரகத்தாரைக் கொடியவர்கள் என்று தீர்ப்புச் சொல்லும் முன், டாஸ்மேனியா தீவின் பூர்வகுடிகளை ஐரோப்பியர் என்ன செய்தார்கள் என்பதை எண்ணிப் பார்க்கும்படி தம் ஜனங்களைக் கேட்டுக்கொள்கிறார். உலகத்தில் கால் பங்கை ஆண்ட ஜாதியைப் பார்த்து அப்படிக் கேட்கத் துணிச்சல் வேண்டும் அல்லவா?

ஆனால் நான் இன்று சொல்ல வந்தது இன்னொரு கதையைப் பற்றி. அமெரிக்காவில் 'ஸ்டார் டிரெக்' என்ற தொலைக்காட்சித் தொடரில் 1967-இல் வந்தது. இரண்டு வல்லரசுகள் யுத்தத்துக்குத் தயாராக நிற்கின்றன. இரண்டுக்கும் நடுவில் ஆர்கானியா என்று ஒரு சிறு கிரகம். பார்வைக்குப் பட்டிக்காடு. கதாநாயகர் கிர்க் அங்கே இறங்கி, "எங்கள் பக்கம் சேருங்கள்; பள்ளிக்கூடம் கட்டித் தருகிறோம், விவசாயம் கற்றுத் தருகிறோம்" என்கிறார். ஊர்ப் பெரியவர்கள் புன்னகை செய்து, வேண்டாம் என்று விடுகிறார்கள். பிறகு எதிரிப் படை இறங்கிக் கொடுங்கோல் நடத்துகிறது. அதற்கும் புன்னகை. கடைசியில்தான் தெரிகிறது, அந்தப் பெரியவர்கள் மனிதர்களே அல்ல, உடம்பு என்ற பாரத்தைக் கழற்றி எறிந்துவிட்ட மகாசக்திகள் என்று. இரு தரப்பு ஆயுதங்களும் கையில் பிடிக்க முடியாதபடி கொதிக்கின்றன, யுத்தம் நின்றுபோகிறது. உடனே கிர்க்கும் எதிரித் தளபதியும் ஒரே குரலில், "எங்கள் யுத்தத்தை நிறுத்த நீங்கள் யார்?" என்று சண்டைக்குப் போகிறார்கள்! அந்த ஒரு கட்டத்துக்காகவே அதை எழுதியவருக்குக் கை கொடுக்கலாம்.

அந்தக் கிரகத்தை நான் பார்த்திருக்கிறேன் என்றால் சிரிப்பீர்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். சென்னையிலிருந்து பெங்களூருக்குப் பஸ்ஸில் போகும்போது, கிருஷ்ணகிரியில் ஒரு பெரிய பாறை மலை கோட்டைச் சுவரைத் தலையில் சுமந்துகொண்டு நிற்கிறதே, அங்கேதான். அந்தச் சீமைக்குப் பழைய பெயர் பாராமகால். பன்னிரண்டு கோட்டைகள் என்று பொருள். ஜகதேவி, மகாராஜகடை, தட்டக்கல் என்று ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக அந்தப் பன்னிரண்டையும் அடுக்குவார்கள். விஜயநகரம், பீஜப்பூர், மைசூர், கடப்பை நவாப் என்று அது கை மாறிய வரிசை, நம் தொடர்கதை நாயகிகளின் கஷ்டங்களைவிட நீளமானது. மைசூர்ப் பீடபூமியிலிருந்து கிழக்கே இறங்கும் கணவாய்களின் வாசலில் இருந்ததுதான் அது செய்த ஒரே குற்றம்.

ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயக் கம்பெனிக்கும் நடந்த முதல் யுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1767-இல் கர்னல் ஸ்மித் கிருஷ்ணகிரியை முற்றுகையிட்டார். ஹைதர் இறங்கி வந்து பக்கத்திலிருந்த காவேரிப்பட்டணத்தைப் பிடித்தார். 1768 மே மாதம் கிருஷ்ணகிரி கம்பெனியிடம் சரண் அடைந்தது. அந்த வருஷம் முடிவதற்குள் பாராமகாலின் பெரும்பகுதியை ஹைதர் திரும்பப் பிடித்துவிட்டார். 1769 ஏப்ரலில் சென்னையில் சமாதானம். என்ன சமாதானம் தெரியுமா? அவரவர் பிடித்ததை அவரவர் திருப்பிக் கொடுத்துவிடுவது! கிருஷ்ணகிரி ஹைதருக்கே போயிற்று. இரண்டு வருஷம் மிதிபட்ட கம்பு, கேழ்வரகு வயல்களைத் திருப்பிக் கொடுப்பதைப் பற்றி உடன்படிக்கையில் ஒரு ஷரத்தும் கிடையாது.

ஒருவருக்கு ஆபத்து வந்தால் மற்றவர் துணைக்கு வருவது என்றும் அதில் எழுதியிருந்தது. இரண்டே வருஷத்தில் மராட்டியர் மைசூர் மீது பாய்ந்தபோது கம்பெனி கையைக் கட்டிக்கொண்டு நின்றது. 1790-இல் அதே மராட்டியரும் நிஜாமும் கம்பெனியும் ஒன்றுசேர்ந்து திப்பு சுல்தான் மேல் கிளம்பினார்கள். விஞ்ஞானக் கதை எழுதுகிறவர்கள் இவ்வளவு சீக்கிரத்தில் கட்சி மாற்றினால், 'நம்பும்படியாக இல்லை' என்று பத்திரிகை ஆசிரியர் கதையைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

அந்தக் கதைகளில் எனக்கு ஒரு குறை உண்டு. விண்வெளிக் கப்பலுக்கு யார் வைக்கோல் போடுகிறார்கள் என்று எவரும் சொல்வதில்லை. பதினாயிரக்கணக்கான மாடுகள் இழுத்தால்தான் அக்காலத்துப் படை நகரும். 1791 மே மாதம் கார்ன்வாலிஸ் பிரபு ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசல் வரை போனார். போரில் வென்றும் இருந்தார். ஆனால் மாடுகள் செத்து விழுந்தன. சிப்பாய்களுக்குத் தானியம் இல்லை. தம் பெரிய பீரங்கிகளைத் தாமே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். திரும்பி வந்தவர் முதல் காரியமாக என்ன செய்தார்? ஜூலை மாதம் ஓசூரையும் ராயக்கோட்டையையும் பிடித்தார். பாராமகால் வழியாகத் தானியமும் தீவனமும் மேலே வருவதற்குப் பாதை வேண்டியிருந்தது. கிருஷ்ணகிரி மட்டும் மசியவில்லை. நவம்பரில் மாக்ஸ்வெல் கீழே பேட்டையைப் பிடித்தும் மலைமேல் ஏற முடியாமல் பின்வாங்கினார். இன்று அதே மேட்டில் ஓசூர்த் தொழிற்சாலைகளின் லாரிகள் வரிசையாக ஏறி இறங்குகின்றன. பெங்களூர் எவ்வளவு தூரம், சென்னைக்குச் சரக்கு எப்படிப் போகும் என்ற கணக்கைத்தான் கார்ன்வாலிஸும் போட்டார்.

1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கை. திப்பு பாதி ராஜ்யத்தையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் கொடுக்க வேண்டும். அதுவரை தம் பிள்ளைகள் இருவரைப் பிணையாக அனுப்ப வேண்டும். தாயை விட்டுப் பிரிந்து எதிரிப் பாளையத்துக்குப் போன அந்தச் சிறுவர்களை நினைத்தால் மனம் கலங்குகிறது. அதைச் சித்திரமாக எழுதி விற்கவும் சீமையில் ஆள் இருந்தார்கள். பாராமகால் கம்பெனிக்கு வந்தது; ஆனால் மேட்டின் மேலுள்ள ஓசூர்ப் பக்கம் திப்புவிடமே இருந்தது. ஆக ஏழு வருஷ காலம் இரண்டு சாம்ராஜ்யங்களின் எல்லை, இன்று ஒரே ஜில்லாவாக இருக்கும் பூமிக்கு நடுவில் ஓடியது. ஓசூரில் பெண்ணைக் கொடுத்துவிட்டுக் கிருஷ்ணகிரியில் இருந்த தகப்பனாருக்கு அது எப்படி இருந்திருக்கும்! 1799 மார்ச்சில் ஜெனரல் ஹாரிஸின் படை ராயக்கோட்டை அருகே அந்தக் கோட்டைத் தாண்டியது. மே 4-இல் திப்பு வாளும் கையுமாக மாண்டார். எல்லை அழிந்தது.

"சரி, இதில் எந்த சாம்ராஜ்யம் நியாயமானது?" என்று உங்கள் பிள்ளை கேட்பான். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளாதீர்கள். திப்புவுக்கு மைசூர்தான் வீடு. அவர் பொக்கிஷம் இந்த மண்ணிலேயே இருந்தது. கம்பெனியின் லாபம் கடல் தாண்டிப் போயிற்று. இது பெரிய வித்தியாசம். ஆனால் 1780-இல் ஹைதரின் குதிரைப்படை ஆற்காட்டுச் சீமையைத் தீயிட்டு அழித்ததே, அந்தக் குடிசைக்காரனிடம் போய், "அப்பா, உன்னைக் கொளுத்தியவர் அந்நியர் அல்ல" என்று சொன்னால் அவன் ஆறுதல் அடைவானா? எனக்குத் தோன்றுவது இதுதான்: எவன் கொடி அழகு என்பதை அரண்மனைக்காரர்கள் பேசிக்கொள்ளட்டும். நடுவில் இருக்கும் கிரகத்துக்காரன் கேட்கக்கூடிய கேள்வி, ஜெயித்த பிறகு என் வயலுக்கு வந்து என்ன செய்தாய் என்பது.

கம்பெனி வந்து அளந்தது. காப்டன் ரீடும் அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் 1792 முதல் பாராமகாலில் வயல் வயலாகச் சர்வே செய்து, குடியானவர்களிடம் நேராகவே வரி பேசினார்கள். பின்னால் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் பரவிய ரயத்துவாரி முறைக்கு இங்கேதான் வித்து விழுந்தது. நடுவில் தின்றுகொண்டிருந்தவன் போனான், நல்லதுதான். ஆனால் அளந்தது குடியானவன் மேல் உள்ள பிரியத்தால் அல்ல. சண்டைக்குச் செலவான பணம் எங்கிருந்தாவது வர வேண்டாமா?

ஆர்கானியாப் பெரியவர்களைப்போல் ஆயுதத்தைக் கொதிக்க வைக்கும் வித்தை பாராமகால் குடியானவனுக்குத் தெரியாது. ஆயுதங்களோ அவனை விட்டுத் தூரதேசம் போயின. மைசூர்ப் படையின் இரும்புக் குழாய் ராக்கெட்டுகளைப் பார்த்துவிட்டு, இங்கிலாந்தில் காங்கிரீவ் என்பவர் அவற்றை அபிவிருத்தி செய்தார். 1807-இல் கோபன்ஹேகன் நகரம் அவற்றால் எரிந்தது. அந்த ராக்கெட்டின் சந்ததிதான் பிற்பாடு அணுகுண்டைத் தலையில் வைத்துக்கொண்டு இரண்டு வல்லரசுகளின் வாசலில் நின்றது.

ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளி என்று ஒரு கிராமம் இருக்கிறது. 1792-இல் கோடு கிழித்தபோது திப்புவின் பக்கம் தங்கிய பூமி அது. 1878 டிசம்பரில் அங்கே பிறந்தவர் ராஜாஜி. 1962 செப்டம்பரில், எண்பத்து மூன்று வயதில், காந்தி சமாதான ஸ்தாபனத்தின் தூதுக்குழுவோடு அவர் வாஷிங்டன் போய், ஜனாதிபதி கென்னடியின் எதிரே உட்கார்ந்து, அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துங்கள் என்று வாதாடினார். படை இல்லை, கப்பல் இல்லை, பதவியும் இல்லை. கதர் வேஷ்டி, கறுப்புக் கண்ணாடி, கைத்தடி, அவ்வளவுதான். அடுத்த மாதமே கியூபாவை வைத்து உலகம் விளிம்பு வரை போய்த் திரும்பியது. 1963 ஆகஸ்டில், ஆகாயத்திலும் அண்டவெளியிலும் கடலடியிலும் அணுகுண்டுச் சோதனை செய்வதில்லை என்று அமெரிக்காவும் ரஷ்யாவும் பிரிட்டனும் மாஸ்கோவில் கையெழுத்துப் போட்டன. பூமிக்கு அடியில் மட்டும் வைத்துக்கொள்ளலாமாம்.